கப்பித்தான் வீட்டு அடுப்பு

வெடிமருந்துக் கொல்லையில் என் வேலை நின்று இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். திருப்பாலைவனத்திலிருந்து வந்திருக்கும் வாத்தியார் ஒருவர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுவாராம். பேச்சைத் திருத்திக்கொள்ளட்டும், நடந்ததைத் திருத்தாமல் இருந்தால் சரி. ஒரே இடத்தில் உட்கார்ந்து சொல் என்கிறார். அது என்னால் ஆகவில்லை. நாலு வார்த்தை சொன்னதும் எழுந்து போய் ஆகாயத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். முப்பது வருஷம் அதைத்தானே செய்தேன். வேலை நின்றுவிட்டது என்று காலுக்கு யார் சொல்வது?

எனக்குக் காற்றுக்காரன் என்று பேர். பழவேற்காட்டுக் கோட்டையில் இருக்கும் உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர்கள் வெடிமருந்து செய்து கப்பலேற்றுகிறவர்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் நனைத்து இடித்து, மணிமணியாக உருட்டி, கோட்டைக்கு வெளியே வேலி போட்ட கொல்லையில் பாய் விரித்துக் காயவைப்பார்கள். கொல்லைக்குக் கிழக்கே, கடல் பக்கம், எங்கள் கோட்டைக்குப்பம். காலையில் காற்று மேற்கேயிருந்து அடிக்கும். குப்பத்து அடுப்புப் புகையெல்லாம் கடலுக்குப் போய்விடும். பொழுது ஏறினதும் காற்று திரும்பும். கடலிலிருந்து வரும் அந்தக் காற்றைக் கொண்டல் என்போம். கொண்டல் வந்துவிட்டால் குப்பத்துப் பொறியெல்லாம் நேராகப் பாய்மேல்தான். அதனால் காற்று எப்போது திரும்பும் என்று முன்னாலேயே சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவனே குப்பத்துக்குள் ஓடி, வீடு வீடாக அடுப்பை அணைக்கச் சொல்லவும் வேண்டும். அந்த ஆள் நான். சோறு பாதி வெந்திருக்கும்போது போய் நின்றால் பெண்கள் கொஞ்சுவார்களா? "வந்துட்டான்டி அடுப்புக்கு எமன்" என்பார்கள். என் பெண்சாதியே அப்படித்தான் கூப்பிட்டாள்.

இப்போது மருந்து காயவைக்கக் கல்லால் பெரிய கொட்டகை கட்டிவிட்டார்கள். மேலே ஓடு, பக்கத்தில் சுவர். எந்தக் காற்று அடித்தாலும் கவலை இல்லை. காற்றுக்காரனுக்கு வேலையும் இல்லை. கொல்லையில் இன்னும் இருக்கிறவர்கள், "பழைய கதை சொல்லுண்ணே" என்று என்னைச் சுற்றி உட்காருகிறார்கள். புயலடித்த கதை, கப்பல் தரைதட்டின கதை எல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் வைத்தது ஒன்று இருக்கிறது. என் வாயால் ஒரு நல்ல மனிதருடைய உத்தியோகம் போயிற்று. பழி அவருடைய மகள்மேல் விழுந்தது. அவள் கல்யாணம் வரைக்கும் அது வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் வாத்தியாரைக் கூட்டிவந்தேன்.

காற்று பார்க்க யாரும் எனக்குத் தனியாகச் சொல்லித்தரவில்லை. நைனாவோடு, என் அப்பனோடு, எட்டு வருஷம் கடலுக்குப் போனேன், அதில் வந்ததுதான். பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. எங்கள் ஆட்கள் விடியுமுன் மேல்காற்றில் கடலுக்குள் போவார்கள். கொண்டல் முதலில் அவர்களுக்குத்தான் கிடைக்கும். கிடைத்ததும் தோணிப் பாயை விரித்துக் கரைக்குத் திரும்புவார்கள். கொல்லையின் மூலையில் பரண்மேல் நின்று பார்த்தால், கடல் விளிம்பில் முதல் பாய் வெள்ளையாகத் தெரியும். அது தெரிந்தால் கொல்லைக்குக் கொண்டல் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று அர்த்தம். நாலு பேர் சேர்ந்து, மருந்து காயும் பாயை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்க அது போதும். வெள்ளைக்காரர்கள் ஏதேதோ கொடி கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் என் கண்ணைத்தான் நம்பினார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு.

கொல்லைக்கு மேலாளாக, கப்பித்தான் என்று நாங்கள் கூப்பிடும் வெள்ளைக்காரர் வந்தது நான் சேர்ந்த இரண்டாம் வருஷம். பட்டாளத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்து, தானே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர். ஏன் என்று கேட்டால் அந்த மனிதரின் குணம் முழுவதும் அதில் தெரிந்துவிடும். எங்கள் குப்பத்துப் பெண் எல்லம்மாவை அவர் கட்டியிருந்தார். அவள் முறைக்கு எனக்குத் தங்கச்சி. கடல் தாண்டி ஏதோ தீவுக்குச் சண்டைக்குப் போகச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. பெண்சாதியைக் கூட்டிப்போக இடமில்லை என்றார்களாம். கத்தியைக் கழற்றிப் பெரிய துரையின் மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தாராம். எல்லம்மா சொன்னது இது. "கத்தி எங்கய்யான்னேன். வச்சிட்டேன்னாரு. அப்பால ஊறுகாய் கேட்டாரு."

அவர் தமிழ் பேசுவதைக் கேட்க வேண்டும். பெண்சாதியிடமே கற்றதால் குப்பத்துப் பெண்கள் பேசுகிற மாதிரியே பேசுவார். ஆறடிக்கு மேல் ஆள், சிவந்த தாடி, நெற்றியில் வெட்டுத் தழும்பு. அந்த வாயிலிருந்து "அய்ய, இன்னாத்துக்கு இப்டி பண்றே" என்று வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவருக்குத் தெரியும், சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவார். வேலை நேரத்தில் நான் தேசப்பன். வேலிக்கு வெளியே வந்துவிட்டால் மச்சான். பதிலுக்கு மச்சான் என்று சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

வேலையில் மட்டும் சிரிப்பு கிடையாது. வாசலில் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்தார். யாராக இருந்தாலும் காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஒரு மணல்கூட ஒட்டியிருக்கக் கூடாது. மணலும் மணலும் உரசினால் போதும் என்பார். இரும்பு கூடாது, அரைஞாண் கயிற்றில் தொங்கும் சாவிகூடக் கூடாது. கிளறுவதற்கு மரக்கை, அள்ளுவதற்குச் செம்பு. பாயை இழுக்கக் கூடாது. நாலு மூலையிலும் நாலு பேர் குந்தி, அவர் "ம்" என்றதும் சேர்ந்து தூக்கி, மூச்சு விடுகிற மாதிரி மெதுவாக நடக்க வேண்டும். அவசரம் என்ற வார்த்தையே கொல்லைக்குள் கேட்கக் கூடாது. வேலை முடிந்தால் முதலில் குளியல். கொல்லையில் உடுத்தின துணியை அங்கேயே கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, வேறு துணி கட்டித்தான் வீட்டுக்குப் போவார். துணியில் மருந்துத் தூள் இருக்கும், வீட்டில் அடுப்பு இருக்கும், அதனால்தான்.

ஒரு நாள் கோட்டையின் பெரிய துரை கொல்லையைப் பார்க்க வந்தார். காலில் ஆணி அடித்த பூட்ஸ். கப்பித்தான் வாசலில் குறுக்கே நின்று தொட்டியைக் காட்டினார். அவர்கள் பாஷையில் ஏதோ பேச்சு நடந்தது. பெரிய துரையின் முகம் இறால் வெந்த நிறத்துக்கு வந்தது. கடைசியில் கோட்டையின் அதிகாரியே எங்கள் எல்லார் முன்னாலும் பூட்ஸைக் கழற்றி, வெள்ளைக் காலைத் தொட்டியில் விட்டுக் கழுவினார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அந்த ஆள் இதை மறக்கிறவராகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. எங்கள் குப்பத்தில் பிள்ளை பிறந்தால் வாசலில் நெருப்புச் சட்டி வைப்போம். பத்து நாளைக்கு அது அணையக் கூடாது, அணைந்தால் பிள்ளைக்கு ஆகாது. ஒரு தடவை நான் அடுப்பணைக்கப் போனபோது, வடக்குத் தெருவில் பிள்ளை பெற்று மூன்று நாளான ஒருத்தியின் சட்டியிலும் தண்ணீர் ஊற்றிவிட்டேன். உத்தரவு உத்தரவுதானே. அவள் என்னைத் திட்டவில்லை. பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு அழுதாள். அது எனக்குத் தாங்கவில்லை. போய்க் கப்பித்தானிடம் சொன்னேன். அவர் மணலில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். எத்தனை நாள், யார் காவல் இருப்பது, சட்டியை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் ஆகுமா. கேட்டுவிட்டு, "அப்போ தோணில வய்யேன்" என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காற்று திரும்பப் போகிறது என்றால் பிள்ளை பெற்ற வீட்டுச் சட்டியை ஒரு தோணியில் வைத்து, கொல்லைக்கு மேற்கே ஏரிக்குள் தள்ளி நிறுத்துவோம். பொறி பறந்தாலும் கொல்லைப் பக்கம் வராது. பாயெல்லாம் உள்ளே போனதும் அணையாத நெருப்பு அந்த வீட்டு வாசலுக்கே திரும்பும். நெருப்புத் தோணி என்று பேர் வைத்தார்கள். எனக்கும் எமன் பட்டம் கொஞ்சம் குறைந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு மனிதருக்கு எங்கள் வீட்டுச் சட்டிமேல் என்ன அக்கறை என்று அப்போது நினைத்தேன். எல்லம்மாவுக்கு இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் வாரம் தாண்டாமல் போனது அப்புறம்தான் தெரிந்தது. அந்த இரண்டு வாரமும் சட்டிக்குப் பக்கத்தில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தவர் அவர்தானாம்.

வாத்தியார் பார்க்கிறார். எழுந்துதான் போனேன். சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது, அதனால்தான்.

அது சித்திரை மாதம். கப்பல் வந்து நின்றிருந்தது. மருந்தைச் சீக்கிரம் ஏற்றச் சொல்லிப் பெரிய துரையிடமிருந்து நெருக்கடி. எட்டு நாளாக நான் வீட்டுக்கே போகாமல் கொல்லையிலேயே கிடந்தேன். சோறு வீட்டிலிருந்து வரும். எல்லம்மாவுக்கு வலி கண்டு அன்றைக்கு மூன்றாம் நாள். மூன்றாவது பிள்ளை. மருத்துவச்சி சொல்லி அனுப்பியிருந்தாள், கொதிக்கிற தண்ணீர் ஓயாமல் வேண்டும், ஒத்தடம் நின்றால் தாயே தங்க மாட்டாள் என்று. அடுப்பைத் தூக்கித் தோணியில் வைக்க முடியாது. வெந்நீர் அந்த வீட்டிலேயே வேண்டும்.

பொழுது விடிந்ததும் கப்பித்தான் பரணுக்குக் கீழே வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தேசப்பா, இந்த மேல்காத்து எதுவரிக்கும் நிக்கும்?"

"உச்சி மணி அடிக்கிற வரிக்கும் நிக்கும் ஐயா."

"நல்லா பாத்து சொல்லு. நிக்கும்னா வூட்ல அடுப்பு எரியட்டும். உச்சிக்கு முன்னாடி பாயெல்லாம் எடுத்துடலாம். நிக்காதுன்னா இப்பவே சொல்லிடு, இன்னிக்கு மருந்த விரிக்கவே வாணாம்."

"நிக்கும். முன்னாடி மாறுனா நான் சொல்ல மாட்டனா?"

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். மற்ற வீடுகளுக்கு வேறு ஆளை அனுப்பி, முன்கூட்டியே அடுப்பை எல்லாம் அணைக்கச் சொல்லியாயிற்று. எரிந்தது அவர் வீட்டு அடுப்பு ஒன்றுதான்.

நான் கண்ணை எடுக்காமல் கடலைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தூங்கவில்லை, இறங்கவில்லை. வீட்டிலிருந்து வந்த சோற்றை நின்றபடியே தின்றேன். கீரைக்குழம்பு. மீன் ஒரு துண்டுகூட இல்லையே என்று மனசுக்குள் பெண்சாதியைத் திட்டினேன். கடல் விளிம்பில் ஒரு பாய்கூடத் தெரியவில்லை. நம் ஆட்கள் திரும்பவில்லை, அப்படியானால் அங்கே இன்னும் கொண்டல் வரவில்லை, நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கீழே கப்பித்தான் இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தார். இரண்டு தடவையும் கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்றேன்.

உச்சி மணிக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. என் வேட்டி பின்னாலிருந்து முன்னுக்குப் பறந்துகொண்டிருந்தது. அது சட்டென்று காலோடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் உப்புக்காற்று அடித்தது. திரும்பி ஏரியைப் பார்த்தால் தண்ணீரில் சுருக்கம் மேற்கே ஓடுகிறது. பரணில் மாட்டியிருந்த மரப்பலகையை அடித்தேன்.

அடிக்கும்போதே கண் தானாகக் கடற்கரைக்குப் போனது. அத்தனை தோணியும், அத்தனை கட்டுமரமும் மணலில் இழுத்துக் கிடந்தன. ஒருவனும் கடலுக்குப் போகவில்லை. அன்றைக்கு அம்மனுக்குக் காப்புக் கட்டின நாள். காப்புக் கட்டினால் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள், வீட்டில் கவிச்சி சேர்க்க மாட்டார்கள். கீரைக்குழம்பு எதற்கு வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. போகாத பாய் எப்படித் திரும்பி வரும்? குப்பத்தில் பிறந்த ஒருத்தன், கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த நாளை மறந்துவிட்டு, வெறும் கடலைப் பார்த்துக் காற்று சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு நாள் கோட்டைக்காரனாக இருந்ததில் எனக்கு என் ஊரே மறந்துபோனது.

கப்பித்தான் வீட்டுக் கூரைக்கு மேலே புகை எழுந்து, எங்கள் பக்கமாகச் சாய்ந்தது. அவர் அதை ஒரே ஒரு தடவை பார்த்தார். ஓடிப்போய் அணைக்க நேரமில்லை. பாயை அவசரமாக எடுக்கவும் முடியாது, எடுத்தால் உரசும். கொல்லையில் முப்பது பேருக்குமேல் இருந்தார்கள்.

"தண்ணி ஊத்து" என்றார்.

யாரும் அசையவில்லை. மாதக்கணக்கில் இடித்த மருந்து. ஏரித்தண்ணீர் பட்டால் அவ்வளவும் சேறு. அவரே தோல் வாளியை எடுத்து முதல் பாயில் ஊற்றினார். "ஊத்துன்னா ஊத்து. அப்பால அழு." பிறகு எல்லாரும் ஊற்றினோம். கறுப்புத் தண்ணீர் காலுக்குக் கீழே ஓடியது. கடைசிப் பாயும் நனைந்தபின்தான் அவர் வாளியைக் கீழே வைத்தார்.

அதற்கப்புறம் அவர் செய்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அங்கே பெண்சாதி உயிருக்குப் போராடுகிறாள். வேறு யாராக இருந்தாலும் வாசலைத் தாண்டி ஓடியிருப்பான். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று துணியைக் கழற்றினார். "தலைல ஊத்து தேசப்பா, முடில தூளு இருக்கும்" என்றார். நான் ஊற்றினேன். மாற்றுத் துணி முடிச்சு அவருக்குப் போட வரவில்லை, நான் கட்டிவிட்டேன். அப்போதுதான் ஓடினார். கொஞ்ச நேரத்தில் குப்பத்திலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அன்றைக்கு ஒரு பொறிகூடக் கொல்லைக்குள் வந்து விழவில்லை.

மறுநாள் கோட்டையில் விசாரணை. பெரிய துரை மேசைக்குப் பின்னால். பக்கத்தில் எழுதுகிறவர். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் துபாஷி. காற்றுக்காரன் தவறாகச் சொன்னால் கம்பத்தில் கட்டி அடித்து, கோட்டை எல்லைக்குள் எங்கும் வேலையில்லாமல் விரட்டுவார்கள். அது எனக்கு முன்பிருந்தவனுக்கு நடந்தது. எனக்கு அப்போது ஐந்து பிள்ளைகள்.

அவர்கள் பாஷை எனக்குப் பாதி புரியும். குப்பத்து அடுப்பெல்லாம் அணைந்திருக்க உன் வீட்டு அடுப்பு மட்டும் எப்படி எரிந்தது என்று பெரிய துரை கேட்டார். நான்தான் விட்டேன் என்றார் கப்பித்தான். காற்று திரும்பும் என்று காற்றுக்காரன் சொல்லவில்லையா என்று கேட்டார். கப்பித்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. சொன்னான் என்றார். விடியும்போதே சொன்னான், நான் கேட்கவில்லை, பெண்சாதிக்காக விட்டேன் என்றார்.

துபாஷி என்னிடம் கேட்டார்.

"இன்னாப்பா, காத்து திரும்பும்னு இவருகிட்ட சொன்னியா?"

அங்கே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

"சொன்னேங்க" என்றேன்.

பெரிய துரை பூட்ஸ் காலை நீட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு பொறியும் விழாத இடத்தில், ஒரு பெண்ணின் பிள்ளைப்பேற்றுக்காகக் கப்பல் மருந்தைச் சேறாக்கின ஆள் என்று எழுதினார்கள். கப்பித்தானுக்கு உத்தியோகம் போயிற்று, பட்டாளத்திலிருந்து வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. நான் பரணுக்குத் திரும்பினேன்.

அதற்கப்புறம் அவர் எங்கள் குப்பத்திலேயே இருந்தார். எல்லம்மாவின் ஆட்களோடு ஏரியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்தார். சேற்றில் முட்டிபோட்டு, தாடி தண்ணீரில் படப் படத் தடவுவார். முதல் வருஷம் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எங்களில் பாதிப்பேரைவிட அதிகமாகப் பிடித்தார். அன்னம்மா என்று பேர் வைத்த அந்தப் பெண்ணைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டுதான் ஏரிக்கு வருவார். தலைவாரிப் பின்னுவதுகூட அவர்தான். பின்னல் கோணலாக இருக்கும். எல்லம்மா அவிழ்த்துத் திரும்பப் பின்னுவாள். இரண்டு பேரும் அதற்கு ஒரு சண்டை போடுவார்கள். அந்த வீட்டைத் தாண்டிப் போனால் சிரிப்புச் சத்தம் கேட்கும். அதனால் நான் அடுத்த தெரு வழியாகப் போவேன்.

ஊர் சும்மா இருக்குமா? "பொறந்த அன்னிக்கே அப்பன் உத்தியோகத்த முழுங்குனவ" என்று அந்தப் பெண்ணுக்குப் பேர் வைத்தது. அவள் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போனால் தள்ளி உட்காருவார்கள். புதுத்தோணி இறக்கும்போது அவள் எதிரே வரக்கூடாது என்பார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தடவைகூட, அது அவளால் இல்லை என்று வாய் திறக்கவில்லை. இன்னொன்றும் என்னைப் பிடுங்கித் தின்றது. நான் சரியாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கு மருந்து விரித்திருக்க மாட்டார்கள், அவருக்கு உத்தியோகம் இருந்திருக்கும். அதற்காவது ஒரு மன்னிப்பைக் கேட்டிருக்கலாம்.

ஒரே ஒரு முறை ஏரியில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "ஐயா, அன்னிக்கி காப்புக் கட்டுனத நான் மறந்துட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

அவர் தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. "சின்னவனுக்கு ஜொரம்னாங்களே, எப்டி கீறான் மச்சான்?" என்றார். பிறகு கூடையிலிருந்து இரண்டு கை இறாலை அள்ளி என் மடியில் போட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு அடி அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த இறாலைப் பெண்சாதி குழம்பு வைத்தாள், நான் தின்னவில்லை.

அவர் காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. நான் சுமந்தேன். சுமந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

வேலை நின்ற மறுநாள் காலையில் அன்னம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அப்பனுடைய உயரம், ஆத்தாளுடைய முகம். வந்தவள் உட்காரவில்லை.

"தோணிரேவு ஊர்லேர்ந்து என்னப் பொண்ணு பாக்க வந்தாங்க மாமா. பையனுக்குப் பிடிச்சிருக்குது. அவங்க நைனாதான், அப்பன் பொழப்ப கெடுத்த பொண்ணாமேன்னு தயங்கறாரு. நீங்க ஒரு தபா வந்து நடந்தத சொல்றீங்களா?"

எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். பாய் தெரியாததை, கீரைக்குழம்பை, "சொன்னேங்க" என்று சொன்னதை. நான் முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"தெரியும் மாமா. நைனா போறதுக்கு முன்னாடி சொல்லிட்டாரு. நீங்க வேலைல கீற வரிக்கும் கேக்கக் கூடாதுன்னு எங்கிட்டயும் அம்மாகிட்டயும் சத்தியம் வாங்கிக்கினாரு. நேத்து நின்னுட்டீங்கன்னாங்க. அதான் வந்தேன்."

ஐந்து வருஷம். தள்ளி உட்காரச் சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், என் பரண் எனக்கு இருக்கட்டும் என்று. நான் அன்றைக்கு அழுதேன். வாத்தியார் இதை அப்படியே எழுதலாம்.

மறுநாள் எல்லம்மா, அன்னம்மா, நான் மூன்று பேரும் தோணியில் தோணிரேவுக்குப் போனோம். பையனுடைய நைனா வலை பின்னிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். காப்புக் கட்டின நாள் என்றதும் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மருந்து போனதும் கப்பித்தானின் உத்தியோகம் போனதும் என்னால்தான், இந்தப் பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முடித்தேன்.

பையனுடைய நைனா ஊசியை வலையில் குத்தி வைத்தார். "சரி, ஒத்துக்கறேன். இத்தினி வருசமா இத ஏன் சொல்லல நீ?"

நான் வாயைத் திறக்குமுன் அன்னம்மா முந்திக்கொண்டாள். "எங்க நைனாதான் சொல்ல வாணாம்னுட்டாரு. மாமா மேல தப்பில்ல."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அவ்வளவில் விட்டிருக்கலாம். அவள் அப்பன் அன்றைக்கு மேசைமுன் செய்ததை அப்படியே செய்துவிட்டாள். நான் சும்மா நின்றால் போதும், நல்ல பேரோடு வீட்டுக்குப் போகலாம்.

"இல்லீங்க" என்றேன். "அவரு எங்கிட்ட அப்டி ஒண்ணும் சொல்லல. எனக்கு பயம். அடிக்கு பயம், வேலை பூடும்னு பயம். அதனாலதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

அன்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லம்மா மட்டும் எழுந்து வந்து, என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.